இன்னொரு ஜி.டி. நாயுடு பிறப்பாரா? மேதைமையை நகலெடுப்பது குறித்துத் திருப்பூரிலிருந்து ஓர் ஆய்வு

1. கேள்வியின் எல்லை

கொங்கு வட்டாரத்தில் தொழில் பற்றிப் பேசும் மேடைகளில் கோவைத் தொழில்மேதை ஜி.டி. நாயுடுவின் பெயர் அடிபடாமல் போவது அரிது. கூடவே ஓர் ஏக்கமும் வந்துவிடும்: அப்படி இன்னொருவர் நமக்கு வாய்க்கவில்லையே! இந்த ஏக்கத்தை ஓர் ஆய்வுக் கேள்வியாக மாற்றிப் பார்க்கலாம். நாயுடுவின் உயிரணு ஒன்று கெடாமல் கிடைத்து, அதிலிருந்து குளோனிங் முறையில் ஒரு குழந்தையை உருவாக்கவும் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தை வளர்ந்து இன்னொரு ஜி.டி. நாயுடு ஆகுமா?

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உடல் நகலாகுமா? திறமை நகலாகுமா? சாதனை நகலாகுமா? பொதுப்பேச்சில் இவை மூன்றும் ஒன்றாகவே குழம்பிக் கிடக்கின்றன. முதலாவதற்கு 'ஏறக்குறைய ஆம்' என்றும், இரண்டாவதற்கு 'ஓரளவுக்கு' என்றும் இன்றைய சான்றுகளைக் கொண்டு சொல்லலாம். மூன்றாவதற்கு 'இல்லை' என்பதே என் முடிவு. அதற்கான காரணத்தை உடலுக்குள் தேடிப் பயனில்லை. ஊரிலும் காலத்திலும் தேட வேண்டும். திருப்பூர் இதற்குப் பொருத்தமான இடம். நாயுடு முதன்முதலில் தொழில் நடத்திய ஊர்களில் ஒன்று என்பது ஒரு காரணம். யாரையும் நகலெடுக்காமலே ஒரே வகைத் திறமை இங்கே நூற்றுக்கணக்கில் முளைத்தது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மனிதக் குளோனிங்கை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஸ்டெம்செல் வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. ஐ.நா. பொதுச்சபையும் 2005இல் அதற்கு எதிராக அறிவிப்பு வெளியிட்டது. ஆகவே இது செயல்திட்டம் பற்றிய விவாதம் இல்லை. 'மேதைகள் பிறக்கிறார்கள்' என்று நாம் பழக்கத்தில் சொல்லிவரும் நம்பிக்கையைச் சோதிக்கும் முயற்சி.

2. டாலி முதல் குவார்டெடேரா வரை

ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி, வளர்ந்த விலங்கொன்றின் உடலணுவிலிருந்து உருவான முதல் பாலூட்டி. ஆறு வயது ஆட்டின் மடியணுவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட கருமுட்டையோடு இணைத்தார்கள். 277 முறை இணைத்ததில் பிழைத்துப் பிறந்தது ஒரே ஒரு குட்டி. உட்கருவின் மரபணு முழுவதும் மடியணுவிலிருந்து வந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிறு மரபுத்தொகுதி மட்டும் முட்டை தந்த ஆட்டினுடையது. எனவே, துல்லியமாகப் பேசினால், டாலியே முழு நகல் இல்லை.

டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த சிசி என்ற பூனை இன்னும் தெளிவான பாடம். ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் நகல் அது. மூலப்பூனைக்கு ஆரஞ்சு நிறம் இருந்தது. நகலுக்கு அது வரவேயில்லை. பெண் பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிப்போகிறது. எது அடங்கியது என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. மரபணு ஒன்றாக இருந்தும் ரோமத்தின் நிறமே ஒத்துவரவில்லை. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் எருமையைக் குளோன் செய்தது. குரங்குகளையும் குளோன் செய்ததாக 2018இல் சீன விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவற்றுக்கு எடுத்த அணுக்கள் கருவிலிருந்து வந்தவை. அந்த ஆய்வில் வளர்ந்த குரங்கின் அணுவிலிருந்து அதே குழு பிறப்பித்த குட்டிகள் பிழைக்கவில்லை.

மரபணுவை 'வரைபடம்' என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத் திருப்பூரின் எந்த சாம்பிள் அறையிலும் பார்க்கலாம். பையர் ஒரு டி-சர்ட்டைக் கொடுத்து 'இதே போல வேண்டும்' என்பார். துணியில் நூறு சதுர சென்டிமீட்டர் வட்டத்தை ஜிஎஸ்எம் கட்டரால் வெட்டி எடைபோட்டு, நூறால் பெருக்கி, ஒரு சதுர மீட்டர் துணியின் எடையான ஜிஎஸ்எம் கண்டுபிடிப்பார்கள். துணியைப் பிரித்து, நூறு ஊசிக்கு ஓடும் நூலின் நீளத்தை அளந்து லூப் லெங்த் எடுப்பார்கள். நூலின் கவுண்ட் என்ன, நிட்டிங் மெஷினின் டயா என்ன, கேஜ் என்ன என்பதெல்லாம் ஒரு தாளில் ஏறிவிடும். அந்தத் தாளை இரண்டு கம்பெனிகளிடம் கொடுத்தால் இரண்டு டி-சர்ட் வரும். பார்வைக்கு ஒன்றுதான். துவைத்து உலர்த்தியதும் ஒன்றின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்கும். இன்னொன்று நேராக இருக்கும். பஞ்சின் லாட், நூலின் முறுக்கு, சாயப்பட்டறைத் தண்ணீரின் தன்மை, நிட்டிங் முடிந்த துணியை எத்தனை மணி நேரம் தளரவிட்டார்கள் என்பது, இவற்றில் பல அந்தத் தாளில் ஏறுவதே இல்லை. தாள் பொய் சொல்லவில்லை. தாளில் எழுதப்படாதவையும் துணியைச் செய்கின்றன.

இதற்கு எதிரான சான்றையும் நேர்மையாக வைக்க வேண்டும். அர்ஜென்டினாவின் போலோ வீரர் அடோல்ஃபோ காம்பியாசோ, குவார்டெடேரா என்ற பெண்குதிரையைப் பலமுறை குளோன் செய்வித்தார். 2016ஆம் ஆண்டு அர்ஜென்டினா ஓப்பன் இறுதியாட்டத்தில் அதன் நகல்களான ஆறு குதிரைகளில் மாறி மாறி ஏறி ஆடினார். அவருடைய அணி வென்றது. வேகமும் திரும்பும் லாகவமும் மூலக்குதிரையிடமிருந்து நகல்களுக்கு வந்திருந்தன என்றுதான் இதிலிருந்து கொள்ள வேண்டும். உடல்சார்ந்த திறனுக்கு மரபணு பெரிய முதலீடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குதிரைகள் வளர்ந்தது தேர்ந்த பண்ணைகளில். ஏறி ஆடியதும் மூலக்குதிரையின் மேல் ஏறி ஆடிய அதே வீரர். ஆட்டம் அதே ஆட்டம், விதி அதே விதி. சூழலை மாறாமல் பிடித்துவைத்துவிட்டு மரபணுவை நகலெடுத்த சோதனை இது. மனிதரின் விஷயத்தில் அப்படிப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. நாயுடு பிறந்த 1893ஐத் திரும்பக் கொண்டுவரும் பண்ணை எங்கும் கிடையாது.

3. பரம்பரையா, வீடா?

மேதைமை குருதிவழி வருகிறது என்ற வாதத்தை நவீன மொழியில் முதலில் எழுதியவர் பிரான்சிஸ் கால்ட்டன். 1869இல் வெளியான அவருடைய நூல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற குடும்பங்களைத் தொகுத்துக் காட்டியது. பெரிய மனிதர்களின் உறவினர்கள் பெரிய மனிதர்களாகவே இருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அந்த வீடுகளில் புத்தகமும் பணமும் சிபாரிசும் சேர்ந்தே கைமாறின என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. நம்மிடமும் இத்தகைய உதாரணம் உண்டு: 1930இல் நோபல் பெற்ற சி.வி. ராமன், 1983இல் பெற்ற அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர். இதை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம் என்பதாலேயே இது சான்றாகாது.

'மேதையின் பிள்ளை மேதையாவதில்லை. எனவே குளோனும் ஆகாது' என்ற எதிர்வாதம் இன்னும் பலவீனமானது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் இதற்குச் சரியான பதில் வைத்திருக்கிறார். சில திறமைகள் பல மரபணுக்கள் ஒரு குறிப்பிட்ட சேர்க்கையில் கூடும்போது மட்டுமே வெளிப்படுகின்றன என்பது அவர் கருத்து. பிள்ளைக்குத் தாய், தந்தை ஒவ்வொருவரிடமிருந்தும் பாதிப் பாதிதான் போகிறது, சேர்க்கை கலைந்துவிடுகிறது. குளோனில் அது கலைவதில்லை. மேதையின் மகனைவிட மேதையின் குளோனுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதே இதன் தர்க்கம். குளோனிங்கை எளிதாக நிராகரிக்க விரும்புவோர் முதலில் இந்த வாதத்தைத் தாண்டியாக வேண்டும்.

தாண்டுவதற்கு இரட்டையர் ஆய்வுகள் உதவுகின்றன. ஒருகரு இரட்டையர் இயற்கை தந்த குளோன்கள். பிரிந்து வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்த மின்னசோட்டா குழு 1990இல் தன் முடிவை வெளியிட்டது. நுண்ணறிவு அளவையில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் மரபுசார்ந்தது என்றது அது. இந்த எண்ணை 'ஒருவருடைய அறிவில் எழுபது பங்கு மரபணு' என்று வாசிக்கும் பிழை பரவலாக இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மக்கள்திரளில், ஒரு குறிப்பிட்ட சூழலில், ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றியது அந்த எண். தனியொருவரின் மூளையைப் பற்றியது இல்லை. சூழல் மாறினால் எண்ணும் மாறும். எரிக் டர்க்கைமரும் சகாக்களும் அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையர்களைக் கொண்டு செய்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, வசதியான வீடுகளில் மரபின் பங்கு அதிகமென்றும், வறிய வீடுகளில் அது கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறங்குகிறதென்றும் காட்டியது. 2016இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்த வேறுபாடு அமெரிக்காவில் தெரிந்தது. சமூகநலத் திட்டங்கள் வலுவாக உள்ள மேற்கு ஐரோப்பாவில் தெரியவில்லை. வறுமை எங்கே ஆளை முடக்குகிறதோ அங்கே மரபணுவுக்குப் பேச வாய்ப்பில்லை என்பதே இதன் பொருள்.

அளவையில் உயர்ந்து நிற்பதும் சாதனையும் வேறு வேறு. லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் மிக உயர்ந்த நுண்ணறிவு கொண்ட சுமார் 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுவதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். அவர்களில் ஒருவரும் நோபல் பெறவில்லை. போதிய மதிப்பெண் இல்லையென்று அந்தச் சோதனையில் விடுபட்ட வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வாரெஸும் பின்னாளில் இயற்பியலில் நோபல் பெற்றார்கள்.

தமிழகத்துக்கு நெருக்கமான ஒரு சான்று இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. 1887 அக்டோபர் 14 அன்று கர்னூலில் பிறந்த ஆற்காடு இரட்டையர், ராமசாமி முதலியாரும் லட்சுமணசாமி முதலியாரும். சென்னை கிறித்தவக் கல்லூரியில் இருவரும் படித்தார்கள். பிறகு பாதை பிரிந்தது. மூத்தவர் சட்டம் படித்து, நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராகி, 1946இல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவராகி, பிறகு மைசூர் திவானானார். இளையவர் மகப்பேறு மருத்துவரானார். சென்னை மருத்துவக் கல்லூரி முதல்வராகவும், 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அவர்கள் ஒருகரு இரட்டையர் என்பதற்கு மரபணுச் சோதனை நடக்க முடியாத காலம் அது. அதனால் இச்சான்றை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே கல்லூரி. இவ்வளவும் ஒன்றாக அமைந்தும் ஒருவர் செய்ததை மற்றவர் செய்யவில்லை. இருவருக்கும் உழைக்கும் ஆற்றலும் நிர்வாகத் திறனும் பொதுவாக இருந்தன என்று சொல்லலாம். அந்தத் திறன் மகப்பேறு மருத்துவ நூலாகவும் சர்வதேச மேடையாகவும் வடிவெடுத்ததை மரபணு தீர்மானிக்கவில்லை. குளோனுக்கு இந்த ஒற்றுமைகள்கூடக் கிடையாது. தாயின் வயிறு வேறு. பிறக்கும் நூற்றாண்டே வேறு.

4. நாயுடுவை ஆக்கிய மண்

கோவையை அடுத்த கலங்கலில் 1893 மார்ச் 23 அன்று பிறந்த நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பை முறித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையின் திருப்பம் ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த அந்த வண்டியைப் பார்த்தவர், கோவையில் உணவு விடுதியொன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மறுபடி பூட்டினார். பின்னர் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் போர்க்கால விலையேற்றத்தில் பணம் பார்த்ததையும், பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதை இழந்ததையும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து ஓட்டினார். அது யுனைடெட் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். ரேசன்ட் மின்சவரக் கருவி, 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரி என்று பட்டியல் நீள்கிறது.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு படியின் கீழும் ஊர் இருக்கிறது. ரயில் வந்த பிறகு திருப்பூர் பருத்திச் சந்தையானது. அதனால்தான் படிக்காத ஓர் இளைஞர் அங்கே சில ஆண்டுகளில் பணம் பார்க்கவும் இழக்கவும் முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. அது வந்திராவிட்டால் மின்மோட்டார் செய்ய வேண்டிய தேவையே யாருக்கும் தோன்றியிருக்காது. 1920இல் ஒற்றைப் பேருந்தை வைத்துத் தொழில் தொடங்குவது எளிது. சட்டம் பெரிதாகக் குறுக்கே நிற்கவில்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் முறையைக் கொண்டுவந்தது. 1970களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. நாயுடு முப்பது ஆண்டு தாமதித்துப் பிறந்திருந்தால் பேருந்து வழியாக அவர் மேலேறியிருக்க முடியாது. இதைவிட நுட்பமான விஷயம் அந்த மோட்டார் சைக்கிள். திருகாணியைக் கழற்றினால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிற எந்திரம் அது. ஒரு பையன் அதைப் பிரித்துப் பார்த்தே இயந்திரவியல் கற்கலாம். இன்றைய வண்டியில் எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிரித்தால் தெரிவது ஒரு சில்லு.

2005இல் திருப்பூரில் ஒரு குளோன் நாயுடு பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வலிக்கிறது. வகுப்பறையை வெறுக்கும் பையனை இன்று ஊர் சும்மா விடாது. விடுதிப் பள்ளியில் சேர்ப்பார்கள். நீட்டுக்கோ ஜேஇஇக்கோ பயிற்சி கொடுப்பார்கள். அவனுடைய பிடிவாதம் அப்படியே இருக்கும். அது கோளாறு என்று பெயர் பெறும். போதாக்குறைக்கு, அவன் யாருடைய நகல் என்பது அவனுக்கும் ஊருக்கும் தெரிந்திருக்கும். ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவ அறிஞர் 1970களிலேயே இந்த ஆபத்தைச் சுட்டினார். தன் வாழ்க்கை எப்படி முடியும் என்று அறியாமல் வாழத் தொடங்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு; குளோனிடமிருந்து அது பறிபோகிறது என்றார். நாயுடு தாம் யாராக வேண்டும் என்று எவரும் எழுதிவைக்காததால் நாயுடு ஆனவர்.

5. ஈரோட்டில் பிறந்தவர்

திருப்பூரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த கணித மேதை ராமானுஜனைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'பிறவி மேதை' என்ற சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. அவர் விஷயத்தில் மரபணு பெரிய பங்கு வகித்திருக்கும் என்று நானும் கருதுகிறேன். ஆனால் பதினாறு வயதளவில் கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது ஜி.எஸ். கார் தொகுத்த கணிதச் சுருக்க நூல். தேர்வுக்குப் படிப்போருக்காக ஏறத்தாழ 5,000 முடிவுகளை, பெரும்பாலும் நிறுவல் இல்லாமல் அடுக்கிய புத்தகம். நிறுவலைத் தவிர்த்து முடிவை மட்டும் எழுதும் ராமானுஜனின் பாணியில் அந்தப் புத்தகத்தின் தடம் இருக்கிறது. கல்லூரித் தேர்வில் மற்றப் பாடங்களில் தோற்றவரை, 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயர் அடையாளம் கண்டார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், கும்பகோணத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவராக அவர் மறைந்திருப்பார். மரபணு அப்போதும் அதேதான்.

6. ஊரே கற்றுக்கொடுத்தது

தனிமனித மேதையை விட்டு ஊரைப் பார்ப்போம். திருப்பூரில் பின்னல் தொழில் 1920களில் சில எந்திரங்களோடு தொடங்கியது. 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வணிகர் வெள்ளை டி-சர்ட் தேடி வந்ததை ஏற்றுமதியின் தொடக்கமாக ஊர் நினைவில் வைத்திருக்கிறது. 2024-25இல் ஏற்றுமதி மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. இந்த வளர்ச்சியை முன்னெடுத்தவர்களில் பெரும் பகுதியினர் தொழிற்கல்வி பெற்றவர்களோ பெருமுதலாளிகளின் வாரிசுகளோ இல்லை. புவியியல் அறிஞர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல் இதைத்தான் ஆராய்கிறது. கிணற்றுப் பாசன விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, பிறகு உரிமையாளரான கவுண்டர்கள் தங்கள் ஏற்றத்துக்குச் சொல்லும் காரணம் 'உழைப்பு'. சாரி அந்த விளக்கத்தை மதிக்கிறார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. உறவுமுறைக் கடன், கூட்டாளி முறை, திருமணவழி வந்த பணம், வேலையாட்களோடு தாமும் நின்று வேலை வாங்கத் தெரிந்த விவசாயப் பழக்கம், 1984இல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் பெருகிய ஜாப் ஒர்க் முறை என்று உழைப்பை முதலாக மாற்றிய வழிகளை அவர் காட்டுகிறார்.

ஆல்பிரட் மார்ஷல் 1890இலேயே தொழில் நகரங்களைப் பற்றி இப்படிக் கவனித்தார்: அங்கே தொழிலின் ரகசியம் காற்றில் கலந்திருக்கிறது, குழந்தைகள் தம்மை அறியாமலே அதைக் கற்கிறார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். திருப்பூரில் அந்தக் கல்வி நடக்கும் இடம் கட்டிங் டேபிளும் பவர் டேபிள் என்ற தையல் மேசையும். டைலர் பக்கத்தில் கைமடிக்க நிற்கும் பையன் ஓவர்லாக் மிதிபடும் சத்தத்திலேயே ஊசி முனை மழுங்கியதை அறிந்துகொள்கிறான். நிட்டிங் ஃபிட்டர், ஓடும் துணியின் மேல் வெளிச்சம் விழும் கோணத்தில் நின்று நீடில் லைன் என்ற ஊசிக்கோடு இருக்கிறதா என்று பார்க்கிறார். கட்டிங் மாஸ்டர் துணியை இரண்டு விரலுக்கிடையில் உருட்டி அதன் எடையைச் சொல்கிறார். ஜிஎஸ்எம் கட்டர் சொல்வது அதிலிருந்து அதிகம் விலகாது. இந்த விரல் அறிவு மரபணுவில் இல்லை. அந்த மாஸ்டரின் மகன் ஐடி வேலைக்குப் போய்விட்டால் அது ஒரு தலைமுறையில் போய்விடும். பீகாரிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற இளைஞன் கற்றுக்கொண்டால் அவனோடு தொடரும்.

மனிதரை நகலெடுக்கும் ஆசையை ஒத்தது ஊரை நகலெடுக்கும் ஆசை. 'இன்னொரு திருப்பூர்' என்ற பேச்சு பல மாநிலங்களில் கேட்கிறது. 2023 மார்ச்சில் ஏழு பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன; திட்ட ஒதுக்கீடு 4,445 கோடி ரூபாய்; தமிழகத்துக்கு விருதுநகர் மாவட்டத்தில் 1,052 ஏக்கர். சாலை, மின்சாரம், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் தேவைதான். சாயக்கழிவால் நொய்யல் ஆறு அடைந்த கதியைப் பார்த்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் தொழிலறிவு கட்டடத்தோடு வருவதில்லை. வங்கதேசத்தின் அனுபவம் இதற்குச் சான்று. 1979இல் தேஷ் கார்மென்ட்ஸ் தன் ஊழியர்கள் 130 பேரைக் கொரியாவில் டேவூ ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பிவந்தவர்களில் 115 பேர் அடுத்த சில ஆண்டுகளில் விலகி, வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள் அல்லது தாமே தொடங்கினார்கள். அந்நாட்டின் ஆடைத் தொழில் அவர்களிலிருந்து கிளைத்தது. நகலானது அந்தச் சில மாதப் பயிற்சி. தாமே தொடங்கத் தடையில்லாததால் அது பெருகியது.

7. வாசல் திறக்காதவர்கள்

இதுவரை சொன்னதை ஊர்ப்பெருமையாக வாசித்துவிடலாம். அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. சூழல் திறமையை ஆக்குகிறது என்றால், அதே சூழலில் நின்ற எல்லோருக்கும் அது நடந்திருக்க வேண்டும். திருப்பூரின் தொழிலாளரில் பெரும்பான்மையினர் பெண்கள். செக்கிங்கிலும் தையலிலும் ஆண்டுக்கணக்காக நின்று, துணியின் குற்றத்தை ஒரே பார்வையில் பிடிக்கக் கற்றவர்கள். உரிமையாளர் பட்டியலில் அவர்கள் எவ்வளவு குறைவு என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். அதே பவர் டேபிள், அதே காற்று, அதே உழைப்பு. ஓர் ஆணின் உழைப்பு முதலானது. பக்கத்து மெஷினில் இருந்த பெண்ணின் உழைப்பு கூலியாகவே நின்றது. உறவுமுறைக் கடனும் கூட்டாளி முறையும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சாரி காட்டும் வழிகள் சாதியாலும் பாலினத்தாலும் வேலியிடப்பட்டவை.

கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகிய ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் செய்த ஆய்வு இன்னும் கூர்மையான உண்மையைச் சொல்கிறது. ஒரு கிராமத்துத் தலித் இளைஞர்கள் பனியன் கம்பெனிகளுக்குப் போய்ச் சம்பளத்தையும் சற்றுச் சுதந்திரத்தையும் பெற்றார்கள். இன்னொரு கிராமத்தில், விசைத்தறி உரிமையாளரிடம் குடும்பம் வாங்கிய முன்பணம் அவர்களைத் தறியோடு கட்டிப்போட்டது. நகரத்துக்குப் பேருந்து ஓடியும் அவர்களால் போக முடியவில்லை. டர்க்கைமரின் அமெரிக்க எண்களுக்கு நம் பக்கத்து ஊரில் கிடைக்கும் விளக்கம் இது.

இறந்த மேதையை மீட்டெடுக்க முடியுமா என்ற கேள்வியில் உள்ள ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாயுடு போன்ற ஒருவரை இழந்த ஊருக்கு அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் கேள்வி ஒரு தவறான கணக்கின் மேல் நிற்கிறது: மேதைகள் அரிதாகப் பிறக்கிறார்கள், ஆகவே பிறந்த ஒருவரைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கணக்கு. ராமானுஜனுக்குக் கிடைத்த 30 ரூபாய் வேலையும், நாயுடுவுக்குக் கிடைத்த ஸ்டேன்ஸின் கடனும், தேஷ் ஊழியர்களுக்குக் கிடைத்த கொரியப் பயிற்சியும் வேறொன்றைக் காட்டுகின்றன. பிறப்பு எவ்வளவு அரிதோ அதைவிட அரிது இவை கிடைப்பது. இந்த ஊரில் செய்யப்பட வேண்டிய ஆய்வு ஒன்று பாக்கி இருக்கிறது. 1980களிலும் 1990களிலும் கைமடிக்க வந்து நின்ற சிறுவர், சிறுமியரில் யார் டைலரானார்கள், யார் கான்ட்ராக்டரானார்கள், யார் கம்பெனி தொடங்கினார்கள், யார் எந்தப் படியில் எந்தக் கடனால் நின்றார்கள் என்று ஆள் ஆளாகப் பின்தொடரும் ஆய்வு. அவர்களில் பலர் இன்னும் ஐம்பது வயதளவில் இதே ஊரில் மெஷின் மிதிக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.